சுளகில் புடைத்த பாட்டுப் பெட்டி: கொழும்பு டீஜேக்கள் புதுப் பாட்டுத் தேடித் தெரிவுசெய்ய முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை வெள்ளவத்தையில் கலியாண வரவேற்பு. அடுத்த வெள்ளி கோட்டைப் பக்கம் ஹோட்டலில் ஹவுஸ் என்ற மின்னிசை நடனப் பாட்டுகளின் செட் (தொடர்ந்து போடும் பாட்டு வரிசை). மறுநாள் கொட்டாஞ்சேனையில் சாமத்தியவீடு. கொழும்பில் டீஜே வேலை செய்பவருக்கு ஒரே கிழமையில் இந்த மூன்றும் வரும். மூன்றுக்கும் ஒரே பென் டிரைவ், ஒரே பாட்டுக் குவியல் என்று போனால், இரவு பத்து மணிக்குத் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

புதுப் பாட்டு கிடைப்பது இன்று கஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாளிலேயே கேட்டு முடிக்க முடியாத அளவு வந்து விழுகிறது. 2015 யூலையிலிருந்து உலகம் முழுவதும் வெள்ளியே வெளியீட்டு நாள். கஷ்டம் எல்லாம் தள்ளிவிடுவதில்தான். ஆசையாகத் தேடும்போது எல்லாம் நல்லதாகப்படும். கறாராகத் தள்ளும்போது நல்லதும் கண்ணில் படாது. ஆகவே தேடுவதற்கு ஒரு நாள், கேட்டுத் தள்ளுவதற்கு இன்னொரு நாள், வாங்குவதற்கு வேறொரு நாள் என்று பிரித்து வையுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் இந்தப் பிரிப்பின் மேல்தான் நிற்கிறது.

1. தேடுமுன் எண்ணிக்கை

இரண்டு மணி நேரம் தமிழ்த் திரைப்பாட்டும் பைலாவும் கலந்து போடுகிறீர்கள் என்றால், ஒரு பாட்டு சராசரி இரண்டரை நிமிடம்தான் ஓடும். அப்படியானால் 48 பாட்டு. அதே இரண்டு மணி நேர ஹவுஸ் செட்டில் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் ஓடினால் 24 போதும். கூட்டம் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாததால் அதன் மூன்று மடங்கை எடுத்துப் போங்கள்: முதல் வகைக்கு ஏறக்குறைய 150, இரண்டாவதற்கு 70. அதற்கு மேல் போனால் பெட்டி உதவாது, தடுமாற வைக்கும்.

இதில் புதியது எத்தனை என்பது இடத்தைப் பொறுத்தது. கலியாணத்தில் மூன்று தலைமுறை ஒரே தரையில் நிற்கிறது. அந்த 48இல் ஐந்தாறு புதுப் பாட்டுக்கு மேல் தாங்காது. கிளப் செட்டில் பாதிவரை போகலாம்.

பிறகு பெட்டியில் உள்ள ஓட்டைகளை ஒரு தாளில் எழுதுங்கள். “நல்ல பாட்டு வேண்டும்” என்று எழுதிப் பயனில்லை. “95 பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேக அளவு) பக்கத்தில் பெண் குரல் பாட்டு இரண்டு”, “நாலு எண்ணிக்கைத் தாளத்திலிருந்து பைலாவுக்குள் இறங்க, மேளம் மட்டும் ஒலிக்கும் பாலம் ஒன்று”, “சாப்பாட்டு நேரத்துக்குக் குரல் குறைந்த பத்து” என்று எழுதுங்கள். கையில் பட்டியல் இருந்தால்தான் தேடல் முடியும். இல்லாவிட்டால் இரவு முழுக்கப் பாட்டுக் கேட்டீர்கள் என்பதுதான் மிச்சம்.

2. எங்கே தேடுவது

ஒவ்வொரு இசைக்கும் ஊற்று வேறு. எல்லாவற்றையும் ஒரே செயலியில் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

*திரைப்பாட்டு.* சோனி மியூசிக் சவுத், திங்க் மியூசிக், சரிகம தமிழ் போன்ற நிறுவனங்களின் யூடியூப் பக்கங்களைப் பின்தொடர்ந்தால் தனிப்பாட்டு வெளிவரும் அன்றே தெரிந்துவிடும். படம் வருவதற்கு எவ்வளவோ முன்பே முதல் பாட்டு வந்துவிடுகிறது. முழு இசைத்தொகுப்பு வந்ததும் கடைசிவரை கேளுங்கள். விளம்பரமில்லாமல் ஐந்தாம் ஆறாம் இடத்தில் கிடக்கும் பாட்டிலும், சில தொகுப்புகளோடு வரும் கரோக்கி வடிவத்திலும்தான் டீஜேக்கு வேண்டிய சரக்கு இருக்கும். குரலில்லாத வடிவம் கிடைத்தால் எடுத்து வையுங்கள், ஒரு பாட்டிலிருந்து மற்றதற்குப் போக அதைவிட நல்ல பாலம் இல்லை.

பாடகரையும் இசையமைப்பாளரையும் எல்லோரும் பின்தொடர்கிறார்கள். நீங்கள் தாள நிரலாக்கம் செய்தவர், ஒலிக்கலவை செய்தவர் பெயர்களைப் பாருங்கள். யூடியூப் விவரக் குறிப்பின் அடியில் பெரும்பாலும் இருக்கும். உங்கள் தரையில் நன்றாக வேலைசெய்த மூன்று பாட்டின் தாளம் ஒரே ஆளின் கைவேலையாக இருப்பதைக் கண்டால், அவர் பெயரை வைத்துத் தேடினாலே அடுத்த பத்து கிடைக்கும்.

சூரியன், சக்தி, வெற்றி பண்பலைகளை வேறு காரணத்துக்காகக் கேளுங்கள். அவை உங்களுக்குப் புதுப் பாட்டுத் தருவதற்கல்ல; ஒரு புதுப் பாட்டு வீடுகளுக்குள்ளும் முச்சக்கர வண்டிகளுக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று அறிவதற்கு. குடும்ப நிகழ்வில் திரைப்பாட்டு எடுபடுவது, கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிய பிறகுதான். வெளிவந்த மூன்றாம் நாளில் போட்டு, தரை காலியானதும் “பாட்டு சரியில்லை” என்று அழித்துவிடாதீர்கள். அதைக் காத்திருப்புப் பட்டியலில் போடுங்கள்.

*புலம்பெயர் தமிழ்ப் பாட்டு.* டொரொண்டோ, லண்டன், பாரிஸ் நகரங்களில் ஈழத்துப் பின்னணிப் பிள்ளைகள் செய்யும் ராப், ஆர்அண்ட்பி, ஆஃப்ரோபீட் கலந்த பாட்டுகள் திரைப்படப் பட்டியல்களில் வராது. சவுண்ட்கிளவுட்டிலும் ஸ்பொட்டிஃபையிலும் ஒரு கலைஞரைப் பிடித்து, அவரோடு சேர்ந்து பாடியவர், பீட் செய்தவர் என்று கிளை பிரிந்து போங்கள். ஊர்ப் பேச்சில் பாடுவதால் கொழும்பு இளையவர்களிடம் இவற்றுக்குத் தனி இடம் உண்டு. தெற்காசியப் புலம்பெயர் இசைக்கு பிபிசி ஏசியன் நெட்வொர்க் நிகழ்ச்சிகளின் பாட்டுப் பட்டியல்களும் நல்ல வாசல்.

*பைலாவும் பப்பரேயும்.* கொழும்புக் கலியாணம் எந்தச் சமூகத்துடையதாக இருந்தாலும், கடைசி அரை மணி நேரம் பெரும்பாலும் பைலாவுக்குத்தான். இங்கே புதிய பாட்டைவிடப் பழைய பாட்டின் நல்ல பதிவுதான் தேட வேண்டியது. “நொன்ஸ்டொப்” என்ற பெயரில் இசைக்குழுக்கள் மேடையில் தொடர்ந்து பாடிய பதிவுகள் நிறைய உண்டு. தாளத்தின் வேகம் நடுவில் மாறும், ஒலியும் மங்கல். ஆனால் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்தால் கூட்டம் கத்துகிறது என்பதை அவற்றைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வரிசையை அங்கே படியுங்கள். கோப்பை வேறு இடத்தில் வாங்குங்கள்.

*ஹவுஸ், டெக்னோ, மற்ற மின்னிசை.* மின்னிசை விற்கும் பீட்போர்ட் தளத்தின் முதல் நூறு பட்டியலை விட்டுவிடுங்கள், அது எல்லோர் பென் டிரைவிலும் இருக்கும். உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டை எடுத்து, அவற்றின் லேபிள் (வெளியிட்ட இசை நிறுவனம்) பெயர்களை எழுதுங்கள். இரண்டு தரத்துக்கு மேல் வரும் லேபிளைப் பின்தொடருங்கள். லேபிள் என்பது வேறொருவர் ஏற்கனவே புடைத்து வைத்த சுளகு. ஹவுஸ் வகைக்கு டிராக்ஸ்சோர்ஸ் விற்பனைத் தளம் இன்னும் கூர்மை. ஒரு செட் கேட்டு மயங்கினால் 1001டிராக்லிஸ்ட்ஸ் தளத்தில் அதன் பட்டியலைப் பாருங்கள். லண்டனின் என்டிஎஸ் வானொலி பழைய நிகழ்ச்சிகளையும் பாட்டுப் பட்டியலோடு சேமித்து வைத்திருக்கிறது.

கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் பாண்ட்கேம்ப் தளம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆழமாகத் தோண்ட அதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு இசைத்தொகுப்பின் பக்கத்தில் அதை வாங்கியவர்களின் சிறு படங்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றை அழுத்தினால் அந்த ஆள் வாங்கிய எல்லாம் தெரியும். உங்களுக்குப் பிடித்த, அதிகம் பேர் வாங்காத ஒரு பாட்டிலிருந்து தொடங்குங்கள்; வாங்கியவர்களில் நான்கைந்து பேரின் சேகரிப்பைப் பாருங்கள். பல ஆயிரம் வாங்கியவர் கண்டதையும் வாங்குபவர். சில நூறு வாங்கியவர் தெரிந்து வாங்குபவர். இரண்டு பேரின் சேகரிப்பில் ஒரே அறியாத பெயர் வந்தால் அதைத் திறக்கலாம். ஊர்ப் பெயரை வைத்தும் தேட முடியும்: கொழும்பு என்று போட்டால் ஜம்புடெக் போன்ற இங்குள்ள மின்னிசை லேபிள்கள் வரும். வீட்டுக்குப் பக்கத்தில் உருவாகும் இசையை லண்டன் வானொலி வழியாக அறிவது நமக்கு அழகில்லை.

பழைய இசைக்கு, வெளியீடுகளின் விவரங்களைத் தொகுத்து வைக்கும் டிஸ்கொக்ஸ் தளம். அங்கே பாட்டைத் தேடாதீர்கள், பங்காற்றியவர் பெயரை அழுத்திக்கொண்டே போங்கள். ஒரே ஆண்டு, ஒரே லேபிள், ஒரே ஒலிப்பொறியாளர் என்று மூன்று கயிறு கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பொட்டிஃபை, யூடியூப் பரிந்துரைகள் நீங்கள் கேட்பதை வைத்தே ஊட்டும். வேலைக்காக நூறு கலியாணப் பாட்டைக் கேட்ட பிறகு அது வேறெதையும் காட்டாது. தேடலுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். குறைந்தது, வேலைக்காகக் கேட்கும் நேரத்தில் ஸ்பொட்டிஃபையின் தனிப்பட்ட அமர்வை இயக்குங்கள்.

தேடும் நாளில் ஒன்று மட்டும் செய்யுங்கள்: கண்டதைக் காத்திருப்புப் பட்டியலில் போடுவது. எதையும் வாங்காதீர்கள், முழுதாகவும் கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் 60 முதல் 80 பாட்டு சேர்ந்தால் போதும்.

3. முதல் புடைப்பு

இரண்டு நாள் கழித்து, நல்ல ஹெட்போனோடு உட்காருங்கள். போன் ஸ்பீக்கரில் தெரிவுசெய்தால் பேஸ் இல்லாத பாட்டெல்லாம் அழகாகத் தோன்றும்; மண்டபத்தில் போட்டதும் வெறுமை தெரியும்.

ஒரு பாட்டுக்கு 45 விநாடி. தொடக்கத்தில் 10, கால்வாசியில் 10, நடுவில் 15, கடைசியில் 10. தொடக்கத்தையும் முடிவையும் கேட்பது அழகுக்காக அல்ல. உள்ளே நுழையவும் வெளியேறவும் இடம் இருக்கிறதா என்று பார்க்க. 124 பிபிஎம் ஹவுஸ் பாட்டில் 32 பார் (ஒரு பார் நாலு அடி) முன்னிசை என்றால் 62 விநாடி கையில் இருக்கிறது. திரைப்பாட்டில் பெரும்பாலும் நாலு பார்கூடக் கிடைக்காது, குரலோடோ வயலின் கூட்டத்தோடோ தொடங்கிவிடும். அது தள்ளிவிடக் காரணமில்லை. ஆனால் எங்கே வெட்டி நுழைவது என்பதை அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் உங்களிடமே கேட்கவேண்டியது இதுதான்: இந்தப் பாட்டை எதற்குப் பிறகு போடுவேன்? பதில் உடனே வந்தால் வையுங்கள். “நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கே போடுவது என்று தெரியவில்லை” என்றால் அது வீட்டில் கேட்கும் பாட்டு. வேறு பட்டியலில் போட்டு மகிழ்ச்சியாகக் கேளுங்கள். ஏற்கனவே பெட்டியில் இதே வேலையைச் செய்யும் பாட்டு இருந்தால், புதியது பழையதைவிட நன்றாகச் செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் பழையது வெளியே போகவேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்வதால்தான் பெட்டிகள் வீங்குகின்றன.

எண்பதில் இருபதுக்கு மேல் தேறினால் நீங்கள் இளகிய மனத்தோடு கேட்டிருக்கிறீர்கள்.

4. வரிகள்

இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தேறிய பாட்டை ஒருமுறை முழுதாக, சொற்களைக் கவனித்துக் கேளுங்கள். இரண்டாம் சரணத்தில் ஒளிந்திருக்கும் இரட்டை அர்த்தம் கிளப்பில் யாருக்கும் கேட்காது. சாமத்தியவீட்டில், மணவறைக்குப் பக்கத்தில் பேத்தியோடு உட்கார்ந்திருக்கும் அம்மம்மாவுக்கு நன்றாகக் கேட்கும். சாதிப் பெருமை பேசும் பாட்டுகள் தாளத்துக்காகவே பரவிவிடுகின்றன. கொழும்பு மண்டபத்தில் எல்லா ஊராரும் எல்லாச் சமூகத்தாரும் இருக்கிறார்கள், அவற்றை எடுத்துப் போகாதீர்கள். ஆங்கில ராப்புக்கு வசைச்சொல் நீக்கிய வடிவம் பெரும்பாலும் கிடைக்கும். ரெக்கார்ட் பூல் எனப்படும் டீஜே சந்தாத் தளங்களில் அதோடு முன்னிசை நீட்டிய வடிவமும் தருவார்கள்.

சிங்களப் பாட்டின் வரிகள் புரியாவிட்டால் புரிந்த ஒருவரிடம் கேளுங்கள். அதேபோல உங்களிடம் தமிழ்ப் பாட்டைப் பற்றிக் கேட்கும் சிங்கள டீஜேக்கு நேர்மையாகச் சொல்லுங்கள்.

5. ஒரு கிழமை ஊறவைத்து வாங்குங்கள்

தேறிய இருபதை ஏழு நாள் தொடாதீர்கள். எட்டாம் நாள் பெயரை மட்டும் பார்த்து, மெட்டு நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராதவற்றை இன்னொருமுறை கேட்டு, அப்போதும் ஒட்டாவிட்டால் விடுங்கள். இருபது எட்டாகக் குறையும். காசும் மிஞ்சும்: தளங்களில் ஒரு பாட்டு பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரை டொலர்வரை. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் கிழமைக்கு இருபது வாங்குவது யாருக்கும் கட்டாது. வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல அட்டைகளில் அது மூடியே இருக்கும்.

பாண்ட்கேம்ப் சாதாரண நாட்களில் மின்வடிவ விற்பனையில் 15 வீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் தொடங்கிய பாண்ட்கேம்ப் வெள்ளி நாட்களில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறது. காத்திருப்புப் பட்டியலை அந்த நாளுக்குச் சேர்த்து வாங்கினால் அதே காசில் கலைஞருக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும்.

பழைய திரைப்பாட்டுக்கு முதலில் தேட வேண்டியது அசல் இறுவட்டு. வீட்டு அலுமாரிகளிலும் பழைய கடைகளிலும் இன்னும் கிடக்கிறது. கீறலில்லாத இறுவட்டிலிருந்து ஏஐஎஃப்எஃப் என்ற சுருக்காத ஒலி வடிவில் எடுத்த கோப்பு, இணையத்தில் சுற்றும் பத்தாவது பிரதியைவிடப் பலமடங்கு மேல். யூடியூப்பிலிருந்து இறக்கியதை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அது தளத்தின் விதிக்கும், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டத்துக்கும் எதிரான வேலை. அதோடு, பெரிய ஸ்பீக்கரில் அதன் மேல் ஒலிகள் கரைந்துபோய்க் கேட்கும்.

6. கோப்பு உண்மையானதா

கோப்பின் பெயரில் “320” கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிலோபிட் என்ற தர அளவு) என்று எழுதியிருப்பதை நம்பக்கூடாது. 128 கேபிபிஎஸ் கோப்பை யாரும் 320 ஆக மாற்றிச் சேமிக்கலாம், கோப்பு பெருக்கும், இழந்த ஒலி திரும்பாது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போடுங்கள். அலைவரிசைப் படம் வரும். 128 கேபிபிஎஸ் எம்பி3 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டியதுபோல நின்றுவிடும். உண்மையான 320 ஏறக்குறைய 20 வரை போகும். வேவ், ஏஐஎஃப்எஃப் என்றால் 22 வரை இருக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: எழுபது எண்பதுகளின் பதிவுகளில் அசல் நாடாவிலேயே மேல் ஒலி குறைவு. அங்கே படம் மெல்ல மங்கி முடியும். நேர்க்கோடாக வெட்டுப்பட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது மோனோச் சோதனை. பல மண்டபங்களில் இடது வலது இரண்டையும் ஒன்றாக்கித்தான் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறார்கள். செயற்கையாக அகலப்படுத்திய பாட்டுகளில், இரண்டு பக்கமும் சேர்ந்ததும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். சிலவற்றில் குரலே பின்னால் போய்விடும். கணினியிலும் போனிலும் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் மோனோ ஒலி என்ற தெரிவு இருக்கிறது. அதை இயக்கி 20 விநாடி கேளுங்கள். பேஸோ குரலோ மெலிந்தால் வேறு பதிவு தேடுங்கள்.

வடிவத்தில் எங்கள் தெரிவு ஏஐஎஃப்எஃப், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். நிமிடத்துக்கு 10 எம்பி போகும். 320 எம்பி3க்கு 2.4 எம்பிதான். வேவ் அதே தரம் என்றாலும் பாட்டு விவரம், அட்டைப்படம் எல்லாம் அதில் சரியாக ஒட்டாது. தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவம் வீட்டில் சேமிக்க நல்லது. ஆனால் சிடிஜே-2000 நெக்ஸஸ் போன்ற பழைய பிளேயர்கள் அதை வாசிக்காது, 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பையும் வாசிக்காது. வாங்கிய வேவ் சில பிளேயர்களில் ஈ-8305 என்ற பிழை காட்டினால், கோப்பின் தலைப்பகுதி அந்த இயந்திரத்துக்குப் புரியாத வகையில் எழுதப்பட்டிருக்கக்கூடும். ஏஐஎஃப்எஃப்புக்கு மாற்றிப் போட்டால் பெரும்பாலும் ஓடும்.

7. தாளமும் சுருதியும்: மென்பொருள் தடுக்கும் இடங்கள்

ரெக்கார்ட்பொக்ஸ், செராட்டோ என்று டீஜே மென்பொருள் எதுவானாலும் நாலு எண்ணிக்கை இசைக்காகச் செய்யப்பட்டவை. பைலாவும் குத்துப்பாட்டில் பெரும்பகுதியும் 6/8. அதாவது, கால் தட்டும் ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று சிறு அடி. மென்பொருள் இதைத் தவறாகப் பிரித்து ஒன்றரை மடங்கு காட்டும்: கால் நிமிடத்துக்கு 90 தட்டினால் திரையில் 135 என்று வரும். அப்படியே விட்டால் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) நொண்டும், இரண்டு பாட்டின் தாளத்தைத் தானாகப் பொருத்தும் ஒத்திசைவுப் பொத்தான் பாட்டைக் கெடுக்கும்.

திருத்தும் முறை: ஒரு நிமிடம் கால் தட்டி எண்ணுங்கள். திரை காட்டும் எண் அதன் இரட்டிப்பா, பாதியா, ஒன்றரையா என்று பாருங்கள். சரியான எண்ணைக் கையால் இட்டு, முதல் அடியை வலுவான மேள அடியில் பொருத்துங்கள். பிறகு பாட்டின் கடைசிக்குப் போய்க் கோடுகள் அடியோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். எண்பதுகளுக்கு முந்திய திரைப்பாட்டுகள் வாத்தியக்காரர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தவை, வேகம் சரணத்துக்குச் சரணம் அசையும். அவற்றுக்கு ரெக்கார்ட்பொக்ஸின் டைனமிக் பகுப்பாய்வைத் தெரிவுசெய்யுங்கள். அதுவும் பொருந்தாவிட்டால், அந்தப் பாட்டில் ஒத்திசைவை மறந்து காதால் போடுங்கள்.

நாலிலிருந்து ஆறுக்குப் போகும்போது இரண்டையும் நீளமாக ஒன்றின்மேல் ஒன்று ஓடவிடக் கூடாது. முக்கிய அடிகள் பொருந்தினாலும் உள்ளே இருக்கும் சிறு அடிகள் மோதும். பறை, தவில், பப்பரே மேளம் மட்டும் ஒலிக்கும் நாலைந்து விநாடி இருந்தால் அதில் வெட்டித் தாவலாம். முதல் படியில் எழுதிய அந்தப் “பாலம்” இதற்குத்தான்.

சுருதிக்கு வருவோம். சுருதிகளுக்கு எண் கொடுத்து வரிசைப்படுத்தும் கேமலொட் சக்கரத்தில் ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி. பக்கத்து எண்ணுக்கோ, அதே எண்ணின் மறு எழுத்துக்கோ போகலாம் என்பது பொது விதி. மேல்நாட்டு இசைக்கு நன்றாக வேலைசெய்கிறது. நம் பாட்டில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சங்கராபரணத்தில் அமைந்த பாட்டையும் கல்யாணியில் அமைந்த பாட்டையும் மென்பொருள் ஒரே மேஜர் எண்ணாகக் காட்டலாம். ஷட்ஜமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றில் சுத்த மத்திமம், மற்றதில் பிரதி மத்திமம். குரலும் குரலும் மேலே விழுந்தால் காது சுளிக்கும். சக்கரத்தின் எண் நுழைவதற்குரிய அனுமதி அவ்வளவுதான், ஒட்டுகிறதா என்பதைக் காதால்தான் முடிவுசெய்ய வேண்டும். வேகம் மாறினாலும் சுருதியைப் பிடித்து வைக்கும் கீ லொக் இல்லாமல் வேகத்தை ஏறக்குறைய 6 வீதம் மாற்றினால் சுருதி அரைச்சுரம் நகர்ந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஒலி அளவை எல்லாக் கோப்பிலும் ஒரே உச்சத்துக்கு இழுத்துச் சமப்படுத்தாதீர்கள். பழைய பாட்டின் மூச்சு போய்விடும். ஒலி அளவைத் தானாகச் சரிப்படுத்தும் மென்பொருளின் ஓட்டோ கெயினைப் பயன்படுத்துங்கள், அல்லது மிக்சரின் டிரிம் குமிழில் மீட்டரைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

8. பெயரிடுதல்

சலிப்பான வேலைதான், ஆனால் இருட்டில் உங்களைக் காப்பாற்றுவது இதுதான். தமிழ் எழுத்தில் பெயரிட்டால் பல பிளேயர்களின் திரையில் ஒழுங்காக வராது. ஆகவே ரோமன் எழுத்தில் எழுத வேண்டியிருக்கும், அங்கேதான் குழப்பம். ஒரே பாட்டு நாலு எழுத்துக்கூட்டலில் நாலு இடத்தில் கிடக்கும். உங்களுக்கென்று ஒரு விதி வகுத்து மாற்றாமல் பின்பற்றுங்கள்: நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டிப்பதா, ஒற்றையாக விடுவதா, ழகரத்துக்கு இரண்டெழுத்தா, ஒற்றை ‘l’ எழுத்தா, தகரத்தோடு எச் சேர்ப்பதா இல்லையா. இரட்டிக்காமல், கூடிய அளவு குறைந்த எழுத்தில் எழுதுவது எங்கள் பரிந்துரை, தட்டித் தேடும்போது விரல் குறைவாக வேலைசெய்யும். படத்தின் பெயரையும் ஆண்டையும் தனிப் புலத்தில் இடுங்கள். பாட்டின் பெயரை யாரும் சொல்லிக் கேட்கமாட்டார்கள், “அந்தப் படப் பாட்டு” என்றுதான் வந்து கேட்பார்கள்.

ரெக்கார்ட்பொக்ஸின் மை டேக் குறிச்சொற்களில் வகையை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள்: சாப்பாட்டு நேரம், தரை திறக்க, உச்சம், பாலம், பைலா, விடைகொடுக்க. நட்சத்திரத்தை உங்கள் விருப்பத்துக்குக் கொடுக்காமல் சக்திக்குக் கொடுங்கள். ஒன்று மெதுமை, ஐந்து கொதிநிலை. குறிப்புப் புலத்தில் ஒரு வரி: எங்கே நுழைவது, எங்கே குரல் வருகிறது. ஹொட் கியூ (அழுத்தியதும் தாவும் அடையாளப் புள்ளி) நான்கு போதும், எல்லாப் பாட்டிலும் ஒரே ஒழுங்கில்: முதல் அடி, குரல் தொடக்கம், உச்சம், வெளியேறும் இடம்.

9. தரைக்கு முன் ஒரு சோதனை

வாங்கிய எட்டில் ஒவ்வொன்றையும் ஏற்கனவே நம்பிக்கையான மூன்று பாட்டோடு வீட்டில் கலந்து பாருங்கள்: ஒன்றுக்குப் பின், ஒன்றுக்கு முன், ஒன்றின் நடுவில் வெட்டி. எதனோடும் ஒட்டாதது பெட்டிக்குள் வரக்கூடாது. பொதுவாக நாலைந்து மிஞ்சும். கிழமைக்கு நாலைந்து என்றால் ஆண்டுக்கு இருநூறுக்கு மேல். ஒரு டீஜேக்கு அது தாராளம்.

நிகழ்வுக்கு இரண்டு பென் டிரைவ், இரண்டிலும் ஒரே உள்ளடக்கம், எஃப்ஏடி32 வடிவில். ஏஐஎஃப்எஃப்பில் ஐந்து நிமிடப் பாட்டு 50 எம்பி. 32 ஜிபியில் அறுநூறு அடங்கும், அதற்குமேல் தேவையில்லை. ஓபஸ்-குவாட், எக்ஸ்டிஜே-ஏஇசட் போன்ற புதிய இயந்திரங்கள் டிவைஸ் லைப்ரரி பிளஸ் என்ற புதிய முறையில் வாசிக்கின்றன, பழைய சிடிஜேக்கள் பழைய முறையில். ஏற்றுமதி செய்யும்போது இரண்டுக்குமாகச் செய்யுங்கள். கணினியில் கியூ புள்ளியைத் திருத்தினால் மீண்டும் ஏற்றுமதி செய்யும்வரை பென் டிரைவில் பழையதுதான் இருக்கும்; கடைசி நேரத்தில் இதை மறந்து திணறுபவர்கள் அதிகம். மண்டபத்து வைஃபையை நம்பி ஸ்ட்ரீமிங்கில் செட் போடாதீர்கள்.

புதுப் பாட்டை எப்போதும் தெரிந்த இரண்டு பாட்டுக்கு நடுவில் போடுங்கள். தரை தளர்ந்தால் ஒரு நிமிடத்தில் வெளியேற அடுத்த டெக்கில் உறுதியான பாட்டு தயாராக நிற்கட்டும்.

10. போயா நாளில் பெட்டியைத் திறந்து

போயாவன்று மது விற்பனை இல்லை, பார்ட்டியும் இல்லை. மாதம் ஒருமுறை தவறாமல் வரும் அந்த ஓய்வைப் பெட்டியைத் துப்புரவாக்கப் பயன்படுத்துங்கள். பிளேயர் பென் டிரைவில் எழுதிவைத்த வரலாற்றுப் பட்டியலை ரெக்கார்ட்பொக்ஸில் திறந்து, போட்ட ஒவ்வொரு புதுப் பாட்டுக்கும் நடந்ததை ஒரு சொல்லில் எழுதுங்கள்: நின்றது, கூடியது, கலைந்தது. நேரத்தையும் எழுதுங்கள். ஒன்பது மணிக்குக் கலைந்த பாட்டு பதினொன்றரைக்குக் கூட்டம் சேர்த்திருக்கலாம்.

மூன்று தரம், மூன்று வேறு கூட்டத்தில் கலைந்தது வெளியே போகட்டும். மூன்று மாதமாகப் பெட்டியில் இருந்தும் ஒருமுறையும் கைபோகாத பாட்டும் போகட்டும், அது எவ்வளவு அருமையானதாக இருந்தாலும். அழிக்க வேண்டாம். “களஞ்சியம்” என்று ஒரு பட்டியல் வைத்து அங்கே நகர்த்துங்கள். ஒரு நடிகர் மறைவோ, ஒரு மறுவெளியீடோ, ஒரு குறுங்காணொளியோ இருபது வருடப் பாட்டை ஒரே இரவில் திரும்பக் கொண்டுவரும். அப்போது சரிபார்த்த கோப்பும் திருத்திய தாளக் கோடும் கையில் இருக்கும்.

கடைசியாக நூலகத்தின் காப்புப் பிரதியை வெளி வட்டில் எடுத்து, மடிக்கணினி இருக்கும் பையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். பிறகு தாளை எடுத்து, இந்த மாதம் தெரியவந்த ஓட்டைகளை எழுதுங்கள். அடுத்த தேடல் நாளின் பட்டியல் அதுதான்.